நிக்கல் கலவையில் லேசர் துளை: கணக்கு, அமைப்பு, பிழைதீர்ப்பு

0.5 மி.மீ. விட்டம், மேற்பரப்போடு 20 டிகிரி சாய்வு, பொருள் நிக்கல் உலோகக்கலவை. ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடுகளிலும் எரியறைச் சுவர்களிலும் குளிர்காற்று புகுவதற்கு இப்படிப்பட்ட துளைகள் ஆயிரக்கணக்கில் தேவை. இந்தச் சாய்வில் ட்ரில் பிட்டை வைத்தால் நுனி வழுக்கி ஒடிந்துவிடும். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இ.டி.எம். முறை நல்ல துளை தரும். ஆனால் அது மெதுவானது, மின்சாரம் கடத்தாத பீங்கான் பூச்சை அதனால் துளைக்கவும் முடியாது. லேசருக்கு இந்த இரண்டு தடையும் கிடையாது. அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: உருகிய உலோகம் துளையைவிட்டு முழுதாக வெளியேறாததிலிருந்து.

லேசர் உலோகத்தை ஆவியாக்கியே துளை போடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மில்லிசெகண்ட் நீளும் பல்ஸில் (ஒளித்துடிப்பில்) ஆவியாவது சிறு பங்குதான். கதிர் விழுந்த இடம் கொதித்து ஆவி எழும்புகிறது. அந்த ஆவியின் எதிரழுத்தம் அடியில் கிடக்கும் உருகிய உலோகத்தை நசுக்கி, துளைச் சுவரோரமாக மேலேற்றி வெளியே தெறிக்க வைக்கிறது. துளை அடிப்பக்கம் திறக்கும்வரை எல்லாம் மேல்வழியேதான் வந்தாக வேண்டும். திறந்தபின் பெரும்பகுதி கீழே போகும். வெளியேற முடியாமல் சுவரில் ஒட்டி உறைந்தது ரீகாஸ்ட் அடுக்கு. அதன் தடிமன் பொதுவாக 30 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். நுண்விரிசல்கள் பிறப்பதும் அந்த அடுக்கில்தான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அளவையும் மாற்றும் முன், இது உருகியதை வெளியேற்ற உதவுமா தடுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த லேசர், எந்த முறை

உலோகத்தில் ஆழமான துளைக்கு இரண்டு லேசர்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, விளக்கொளியால் தூண்டப்படும் நியோடிமியம் யாக் படிக லேசர், 1064 நானோமீட்டர். மற்றது, நீண்ட பல்ஸ்களை உயர்ந்த உச்சத் திறனில் தரும் க்யூ.சி.டபிள்யூ. வகை ஃபைபர் லேசர், 1070 நானோமீட்டர். புதிதாக அமைப்பவர்கள் ஃபைபரையே எடுக்கலாம். விளக்கு மாற்றும் வேலை இல்லை, பல்ஸுக்குப் பல்ஸ் ஆற்றல் மாறுவதும் குறைவு.

மின்சுற்றுப் பலகைகளில் அடுக்குகளை இணைக்கும் 50 முதல் 150 மைக்ரான் நுண்வழிகளைப் போட இந்த லேசர்கள் பொருந்தா. அங்கே கார்பன் டை ஆக்சைடு லேசரும் 355 நானோமீட்டர் புறஊதா லேசரும் வேலை செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடு கதிரை எபாக்ஸி விழுங்கும், செம்பு திருப்பி எறியும். அதனால் துளை அடியிலுள்ள செம்புத் திண்டில் தானாகவே நிற்கும். மேல் செம்பை முன்கூட்டியே அரித்துத் திறந்தோ, கறுப்பாக்கி ஒளி ஏற்கச் செய்தோ வைக்க வேண்டும். அடியில் மெல்லிய பிசின் படலம் தங்கிவிடும், பெர்மாங்கனேட் கரைசலில் கழுவாமல் முலாம் பூசக் கூடாது. புறஊதாக் கதிர் செம்பு, பிசின் இரண்டையும் வெட்டும். எனவே அடித்திண்டில் நிற்க ஆற்றலை நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

எரிபொருள் இன்ஜெக்டர் முனையில் 100, 200 மைக்ரான் துளைகளுக்குப் பைக்கோசெகண்ட், ஃபெம்டோசெகண்ட் லேசர்கள் ஏற்றவை. பல்ஸ் அவ்வளவு குறுகியது என்பதால் வெப்பம் பக்கவாட்டில் பரவ நேரமே இருக்காது. உருகல் மிகக் குறைவு, ரீகாஸ்ட் ஏறத்தாழ இல்லை. ஒரு பல்ஸுக்கு அகற்றும் பொருளும் அதே அளவுக்குக் குறைவு.

இனி மில்லிசெகண்ட் லேசருக்கே வருவோம். மெல்லிய வடிகட்டித் தகட்டுக்கு ஒற்றை பல்ஸ் போதும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து பல்ஸ் விழவைப்பது பெர்கஷன் முறை. நடுவில் ஒரு சிறு துளை போட்டு, அதிலிருந்து கதிரை வெளியே நகர்த்தி வட்டமாக வெட்டுவது ட்ரெபானிங். பெர்கஷன் வேகமானது, ஆனால் விட்டத்தைக் கதிரின் அளவே தீர்மானிக்கும், சுவர் கரடுமுரடாகும், ரீகாஸ்ட் தடிக்கும். ட்ரெபானிங்கில் முதல் துளை திறந்ததும் மீதி உருகல் எல்லாம் கீழே வழிய இடம் கிடைக்கிறது. அதனால்தான் அதன் சுவர் சுத்தமாக இருக்கிறது. விட்டம் 0.6 மி.மீ.க்கு மேல் போனாலோ, ஜாப் (துளையிடப்படும் பொருள்) அதிர்வும் உலோகச் சோர்வும் தாங்க வேண்டிய பாகமாக இருந்தாலோ ட்ரெபானிங் செய்யுங்கள். முடிவெடுக்க முடியாத நிலையிலும் அதையே எடுங்கள். மிச்சமாகும் சில விநாடிகளுக்காக விரிசலை விலைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் காகிதத்தில் நான்கு கணக்கு

கதிரின் குவியப் புள்ளி எவ்வளவு பெரியது? ஃபைபர் வழி வரும் கதிருக்கு இது எளிது: ஃபைபர் உள்விட்டத்தைக் குவிய லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கி, கோலிமேட்டரின் (விரிந்துவரும் கதிரை இணையாக்கும் லென்ஸின்) குவியத் தூரத்தால் வகுக்கவும். 200 மைக்ரான் ஃபைபர், 100 மி.மீ. கோலிமேட்டர், 175 மி.மீ. லென்ஸ் என்றால் 0.35 மி.மீ. கோலிமேட்டரும் லென்ஸும் 200 மி.மீ. என்றால் 0.2 மி.மீ. பெர்கஷனில் 0.5 மி.மீ. துளைக்கு முதலாவது அமைப்பு சரியான தொடக்கம். ட்ரெபானிங்குக்கு இரண்டாவது.

அடுத்தது உச்சத் திறன். பல்ஸ் ஆற்றலைப் பல்ஸ் நீளத்தால் வகுத்தால் வரும். 9 ஜூல், 0.6 மில்லிசெகண்ட் என்றால் 15 கிலோவாட். இதை 0.35 மி.மீ. புள்ளியின் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.6 கோடி வாட் கிடைக்கும். உலோகத் துளைப்புக்கு 10 லட்சத்திலிருந்து 10 கோடி வாட் வரை வழக்கமான எல்லை. கீழெல்லையை ஒட்டினால் உருகும், ஆனால் வெளியேறாது. குழியில் குளம் கட்டி உறையும். மேலெல்லையை ஒட்டினால் ஆவியே முகில்போல் எழுந்து கதிரை மறைக்கும்.

சராசரித் திறன், பல்ஸ் ஆற்றலை அதிர்வெண்ணால் பெருக்கியது. 9 ஜூல், 10 ஹெர்ட்ஸ் என்றால் 90 வாட். ஜாப் எவ்வளவு சூடாகும் என்பதை இந்த எண் சொல்லும்.

கடைசியாகச் சாய்வுக் கணக்கு. வரைபடத்தில் சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. என்றிருந்தாலும் 20 டிகிரிச் சாய்வில் கதிர் கடக்க வேண்டிய தூரம் சுமார் 4.4 மி.மீ. வட்டப் புள்ளி மேற்பரப்பில் நீள்வட்டமாக விரிவதால் முதல் பல்ஸின் செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். நேர்த்துளையில் நன்றாக ஓடிய அமைப்பு சாய்துளையில் ஏன் தொடங்கவே மறுக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் உள்ளது. செறிவு குறையும் இந்தத் தொடக்கத்துக்கென்று முதல் இரண்டு மூன்று பல்ஸின் ஆற்றலை உயர்த்தி வையுங்கள்.

இயந்திரத்தை அமைப்பது

பல்ஸ் ஆற்றலைத் திரையில் பார்த்து நம்பாதீர்கள். லென்ஸுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் கீழே, ஜாப் இருக்கும் இடத்தில் பவர் மீட்டரை வைத்துச் சராசரித் திறனை அளந்து அதிர்வெண்ணால் வகுங்கள். 10 ஹெர்ட்ஸில் மீட்டர் 90 வாட் காட்டினால் 9 ஜூல். குவியப் புள்ளியில் மீட்டரை வைத்தால் அதன் முகம் எரிந்துவிடும், கதிர் விரிந்த இடத்தில் வையுங்கள்.

விளக்குத் தூண்டல் யாக் லேசரில் படிகத் தண்டு சூடாகி அதுவே லென்ஸாக மாறும், குவியம் நகரும். ஆகவே வேலைக்குரிய அதே ஆற்றலிலும் அதிர்வெண்ணிலும் சில நிமிடங்கள் கதிரை விழுங்கும் தடுப்புக்குள் சுட்டு, நிலைத்தபின் ஜாப்பைத் தொடவும்.

நாசில் (கதிரோடு வாயுவைப் பீய்ச்சும் முனை) மையம் பார்க்க, அதன் வாயில் ஒட்டுநாடாவை ஒட்டிக் குறைந்த ஆற்றலில் ஒரே ஒரு பல்ஸ் சுடவும். நாடாவில் விழுந்த ஓட்டை நாசில் வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் வாயு ஒருபக்கமாக அடிக்கும், துளையின் ஒருபுறம் மட்டும் உருகல் ஒட்டும். குவியம் கண்டுபிடிக்க, மெல்லிய எஃகுத் தகட்டில் 0.25 மி.மீ. இடைவெளியில் லேசர் தலையின் உயரத்தை மாற்றி மாற்றிச் சுட்டு, நுண்ணோக்கியில் மிகச்சிறிய துளையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெரிதாகும் வரிசை கிடைத்தால் அதன் நடுவே குவியம். தொடக்கத்தில் குவியத்தைப் பரப்பின்மேலோ, ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளேயோ வையுங்கள்.

வாயுத் தேர்வு, நேர்மையாகச் சொன்னால், ஒரு பேரம். ஆக்சிஜன் உலோகத்தோடு எரிந்து கூடுதல் வெப்பம் தரும், உருகலை இளக்கும், வேகமாகத் துளைக்கும். பதிலுக்குச் சுவரில் ஆக்சைடு படியும். நைட்ரஜனும் ஆர்கானும் மெதுவானவை, சுவர் சுத்தம். நிக்கல் கலவைக்கு அழுத்தம் 4 முதல் 8 பார் வரை வைத்துப் பார்க்கலாம். டைட்டானியத்துக்கு ஆக்சிஜன் கூடவே கூடாது, தீப்பிடிக்கும், ஆர்கான் விடுங்கள். வெட்டும் வேலையில் நாசில் ஜாப்பை 1 மி.மீ. வரை நெருங்கலாம். சாய்துளையில் நாசில் ஓரம் ஜாப்பில் இடிக்கும் என்பதால் 5 மி.மீ.க்கு மேலும் விலக வேண்டிவரும். அப்போது வாயு விரிந்து வலுவிழக்கும். நாசில் வாயைச் சற்றுப் பெரிதாக்கி அழுத்தத்தைக் கூட்டினால் ஈடாகும்.

பாதுகாப்புக் கண்ணாடியை ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் கழற்றிப் பாருங்கள். தெறித்த உலோகத் துளி ஒன்று ஒட்டியிருந்தாலும் அங்கே கண்ணாடி சூடாகிக் குவியம் நகரும். துளி பதிந்த கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பின்சுவரைக் காப்பது

பிளேடு உள்ளே பொள்ளல். துளை திறந்த கணத்தில் கதிர் எதிர்ச்சுவரில் விழுந்து அதையும் தோண்டும். உட்குழியை மெழுகாலோ பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) பொருளாலோ முன்கூட்டியே நிரப்ப வேண்டும். இடைவெளி ஒரு மி.மீ. அளவே என்றால் நிரப்பி மட்டும் நம்பாமல், திறந்தபின் விழும் பல்ஸ்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள். எத்தனையாவது பல்ஸில் திறக்கிறது என்பதைச் சோதனைத் தகட்டில் எண்ணி வைத்தால், அதற்குமேல் சுத்தம் செய்ய இரண்டு மூன்று பல்ஸே போதுமானது. பி.டி.எஃப்.இ. எரிந்தால் நச்சுப் புகை வரும், புகை உறிஞ்சி ஓடாமல் சுடக் கூடாது. வேலை முடிந்ததும் மெழுகை உருக்கி எடுத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒளிபாய்ச்சிப் பாருங்கள். அடைத்துக்கொண்ட மெழுகை அடைபட்ட துளை என்று எண்ணி மறுபடி துளைப்பவர்கள் உண்டு.

கதிரைத் திறக்கும் முன்

இது நான்காம் வகுப்பு லேசர். ஒரு மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழிலென்ஸ் அதை விழித்திரையில் குவித்துவிடும். எதிரொளித்த கதிரும் போதும், பார்வை போய்விடும். கதவு திறந்தால் கதிர் நிற்கும் பூட்டுகளைத் துண்டித்து வேலை செய்யாதீர்கள். அலைநீளமும் ஒளியடர்வும் பொறித்த கண்ணாடியே அணிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கான கண்ணாடி இங்கே காப்பாற்றாது. புகையில் நிக்கல், கோபால்ட், குரோமியம் துகள்கள் இருக்கும், வடிகட்டியோடு கூடிய உறிஞ்சி கட்டாயம்.

ட்ரெபானிங்: ஒரு துளையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

விட்டம் 0.80 மி.மீ. வேண்டும். முதலில் அதே கலவையில், அதே தடிமனில், அதே சாய்வில் ஒரு தகட்டில் நேர்கோடு வெட்டி வெட்டின் அகலத்தை அளங்கள். 0.25 மி.மீ. வந்தது என்று கொள்வோம். கதிரின் பாதை ஆரம், விட்டத்திலிருந்து வெட்டு அகலத்தைக் கழித்து இரண்டால் வகுத்தது: 0.275 மி.மீ. மையத்தில் பெர்கஷன் முறையில் துளையிட்டுத் திறக்கும்வரை காத்திருங்கள். திறக்கும் முன்பே கதிரை நகர்த்துவதுதான் இந்த முறையில் மிக அதிகமாக நேரும் பிழை; உருகல் கீழே போக வழியில்லாமல் வெட்டிலேயே நிரம்பி, கடைசியில் வட்டம் முழுதாக வெட்டாமல் நிற்கும்.

மையத்திலிருந்து நேர்கோட்டில் வெளியே போகாமல் வளைவாகப் போய் வட்டத்தைத் தொடுங்கள். இல்லையென்றால் தொட்ட இடத்தில் பல் விழும். வேகத்துக்கும் கணக்கு உண்டு. பல்ஸ்கள் 70 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும், புள்ளி 0.2 மி.மீ., அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 1.2 மி.மீ. பாதையின் சுற்றளவு 1.73 மி.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி. முதல் சுற்று வெட்டும், இரண்டாவது சுற்று சுவரில் தங்கியதைச் சீவும். மூன்றாவது பெரும்பாலும் வெப்பத்தை மட்டுமே சேர்க்கிறது.

பக்கத்துப் பக்கத்துத் துளைகளை வரிசையாகப் போடாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்று, அல்லது வரிசைவிட்டு வரிசை தாவுங்கள். மெல்லிய சுவரில் சூடு தேங்கினால் கடைசித் துளைகள் பெரிதாகும்.

எரியறை போன்ற உருளைப் பாகங்களில் பெர்கஷன் துளைகளை ஜாப் சுழலும்போதே போடலாம். சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்று ஒவ்வொரு துளைக்கும் விழும். 300 மி.மீ. விட்டம், 3 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு வரிசையில் 314 துளைகள். விநாடிக்கு 10 பல்ஸ் விட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 31 விநாடி. பரப்பு விநாடிக்கு 30 மி.மீ. நகர்கிறது, 0.5 மில்லிசெகண்ட் பல்ஸில் துளை நீளுவது 15 மைக்ரான் மட்டுமே. ஒவ்வொரு பல்ஸுக்கும் நடுவில் துளை ஆற அரை நிமிடம் கிடைப்பது பெரிய லாபம். ஆனால் ஜாப் உருளையாக இல்லாமல் கோணலாகச் சுழன்றால் பல்ஸ்கள் ஒரே இடத்தில் விழா. ஃபிக்சரில் (ஜாப்பைப் பிடிக்கும் பொருத்தியில்) பொருத்தியதும் டயல் கேஜை வைத்துச் சுற்று கோணலாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

பீங்கான் பூச்சு உள்ள பாகம்

சிர்கோனியாப் பூச்சு தாங்கிய பாகத்தைச் சாய்வாகத் துளைக்கும்போது மேலே வெளியேறும் உருகல் பூச்சின் ஓரத்தைத் தள்ளிப் பெயர்க்கும். கதிருக்கும் மேற்பரப்புக்கும் உள்ள கோணம் குறையக் குறையப் பெயர்ப்பு அதிகமாகும். பூச்சை மட்டும் நானோசெகண்ட் பல்ஸால் முதலில் அகற்றி, உலோகத்தை மில்லிசெகண்ட் பல்ஸால் துளைப்பது நம்பகமான வழி. ஒரே லேசர்தான் உள்ளது என்றால் பல்ஸ் நீளத்தைக் குறைத்து ஒரு பல்ஸின் உருகல் அளவைச் சிறிதாக்குங்கள்.

துளை சொல்லும் குறிகள்

மேல்வாய் அகலம், கீழ்வாய் குறுகல்: சரிவு. மேல்விட்டத்திலிருந்து கீழ்விட்டத்தைக் கழித்து, ஆழத்தின் இரட்டிப்பால் வகுத்தால் சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 2 மி.மீ. ஆழத்தில் 0.55, 0.50 என்றால் பக்கத்துக்கு 0.7 டிகிரி, பெர்கஷனுக்கு இது நல்ல துளை. இதைவிட மோசமென்றால் குவியத்தைச் சற்று உள்ளே இறக்குங்கள், திறந்தபின் இரண்டு பல்ஸ் கூட்டுங்கள்.

நடுவில் மட்டும் வயிறு பெருத்தால் உருகல் மேலேற முடியாமல் சுவரை அரித்திருக்கிறது. ஆற்றலைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது, பல்ஸைக் குறுக்கி உச்சத் திறனை உயர்த்துங்கள். கீழ்வாயில் பிசிறு தொங்கினால் வாயு அழுத்தம் போதவில்லை அல்லது திறந்ததும் நிறுத்திவிட்டீர்கள். மேல்பரப்பில் தெறிப்பு ஒட்டுவதைத் தடுக்கப் பூசும் கலவைகள் உள்ளன. பூசிக் காயவைத்துத் துளையிட்டபின் தெறிப்பு எளிதாக உதிரும்.

துளை முட்டை வடிவானால் ஜாப்பைத் திருப்பாமல் நேர்த்தகட்டில் ஒன்று போட்டுப் பாருங்கள். அங்கும் முட்டையென்றால் கதிரோ நாசில் மையமோ பிசகியிருக்கிறது. அங்கே வட்டமென்றால் கோளாறு அச்சுகளிலோ ஃபிக்சரிலோ இருக்கிறது. காலையில் சரியாக இருந்து மதியம் விட்டம் சுருங்கினால் முதலில் பாதுகாப்புக் கண்ணாடி, அடுத்து வாயு உருளையின் அழுத்தம், பிறகு பவர் மீட்டர் என்ற வரிசையில் பாருங்கள். மென்பொருளில் ஆற்றலை ஏற்றிச் சரிக்கட்டுவது கடைசி வேலை. காரணம் தீர்ந்ததும் அந்தக் கூடுதல் ஆற்றல் அப்படியே தங்கி அடுத்த தொகுதியைக் கெடுக்கும்.

சோதனை

பின் கேஜ் (துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் அளவு ஊசி) விட்டத்தின் குறைந்த எல்லையைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. ரீகாஸ்ட்டும் விரிசலும் தெரிய நம்பகமான வழி, அதே அமைப்பில் போட்ட சோதனைத் துளையை நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, அரித்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. துளையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் தடிமனை அளங்கள். தடித்த இடம் எங்கே என்பது உருகல் எங்கே தேங்கியது என்பதற்குச் சான்று. விரிசல் ரீகாஸ்ட்டோடு நின்றதா, அடியிலுள்ள மூல உலோகத்துக்குள் இறங்கியதா என்பதுதான் ஏற்பதா கழிப்பதா என்ற முடிவின் மையம். எவ்வளவு அனுமதி என்பதை வரைபடத்தில் உள்ள விவரக்குறிப்பே சொல்லும்.

குளிர்துளைகளுக்குக் காற்றோட்டச் சோதனைதான் இறுதித் தீர்ப்பு. குறித்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, போகும் அளவை மாதிரிப் பாகத்தோடு ஒப்பிடுவார்கள். விட்டம் 0.80இலிருந்து 0.78 மி.மீ. ஆனால் பரப்பு சுமார் 5 சதவீதம் குறையும், 0.50இலிருந்து 0.48 ஆனால் 8 சதவீதம். காற்றோட்டம் குறைவாக வந்தால் முதலில் எந்தத் துளையும் அடைபடவில்லை என்று ஒளிபாய்ச்சி உறுதிசெய்யுங்கள். எல்லாம் திறந்திருந்தும் குறைகிறதென்றால் அடுத்த பாகத்துக்கு ட்ரெபானிங் ஆரத்தை 10 மைக்ரான் கூட்டி, மற்ற எதையும் தொடாமல் மீண்டும் அளந்து பாருங்கள்.